பவர் பட்டனைத் தொடும் முன்: உபுண்டு முன்வெளியீட்டைச் சோதிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் புதிய பதிப்பு ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் பீட்டா எனும் சோதனைப் பதிப்பு வரும். பீட்டாவுக்கும் முன்னால் நாள்தோறும் ஒரு படிமம் (நிறுவுவதற்கான முழுக் கோப்பு) கிடைக்கும். வெளியீட்டுத் தேதிவரை காத்திராமல் அவற்றை இறக்கிச் சொந்தக் கணினியில் ஏற்றிப் பார்ப்பவர்கள் நீங்கள். உங்கள் மேசையில் இருக்கும் எட்டு வருடப் பழைய மடிக்கணினியும், போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை என்று வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப்பும் எந்தச் சோதனைக்கூடத்திலும் அப்படியே இருக்காது. உங்கள் கண்ணில் படாமல் தப்பிய பிழை, வெளியீட்டுக்குப் பிறகு ஏதோ ஒரு பள்ளி ஆய்வகத்திலோ சிறு அலுவலகத்திலோதான் தலைகாட்டும்.

அதனால்தான் ஒரு வகை அறிக்கையைப் பார்க்கும்போது மனது சங்கடப்படுகிறது. "லாகின் ஆகிப் பத்து நிமிடத்தில் ஹேங் ஆகிறது. பவர் பட்டனை அழுத்தித்தான் அணைக்க முடிகிறது. சரிசெய்யவும்." எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் பட்ட அவதி உண்மை. ஆனால் படிக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) நிரலாளருக்கு இதில் பிடித்து ஏற ஒரு கொம்புகூட இல்லை. அவர் கூடுதல் விவரம் கேட்டு அறிக்கையை 'இன்கம்ப்ளீட்' நிலைக்கு மாற்றுவார். உபுண்டுவின் பிழையறிக்கைத் தளமான லாஞ்ச்பேடில் அந்த நிலையிலேயே 60 நாள் யாரும் எதுவும் எழுதாமல் கிடந்தால் அறிக்கை தானாகவே காலாவதியாகிவிடும். பிழை மட்டும் காலாவதியாகாமல் இறுதிப் பதிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஹேங் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நாலு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. எது என்று பிரித்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கணினி உறைந்து நிற்கும்போதே கிடைப்பது. பவர் பட்டனை அழுத்திவிட்டால் போய்விடும். இந்த மடல் முழுக்க அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், கணினி நன்றாக ஓடும்போதே செய்துவைக்க வேண்டியவை.

லினக்ஸ் கெர்னலில் 'மேஜிக் சிஸ்ஆர்க்யூ' என்றொரு வசதி உண்டு. ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டோடும் ஓர் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால், திரை செத்துக் கிடந்தாலும் கெர்னல் நேரடியாகக் கேட்டுக்கொள்ளும். இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அழுத்தியும் பார்த்து, ஒன்றும் நடக்காமல் விட்டிருப்பீர்கள். காரணம், உபுண்டுவில் இதன் இயல்பு மதிப்பு 176. அது 128, 32, 16 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. 16 என்றால் நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதி முடிப்பது (எஸ்). 32 என்றால் வட்டுகளைப் படிப்பதற்கு மட்டும் என்று மாற்றுவது (யு). 128 என்றால் மறுதொடக்கம் (பி). அவ்வளவுதான் திறந்திருக்கிறது. உறைவுக்குக் காரணம் தேட நமக்குத் தேவையான 8 அடைத்திருக்கிறது. அதுதான் எந்த நிரல் எங்கே சிக்கி நிற்கிறது என்று கெர்னலைச் சொல்லவைக்கும் எண். நினைவகத்தைத் தின்னும் நிரலைக் கொல்லும் 64ம், விசைப்பலகையைத் திரைச் சேவையகத்திடமிருந்து பிடுங்கித் தரும் 4ம் அடைத்திருக்கின்றன. ஆறையும் கூட்டினால் 252.

/இடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் 90 என்று தொடங்கும் பெயரில், .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உண்டாக்கி, அதில் 'கெர்னல்.சிஸ்ஆர்க்யூ = 252' என்று ஒரே வரி எழுதுங்கள். பிறகு 'சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்'. உபுண்டுவின் சொந்தக் கோப்பு 10 என்று தொடங்குவதால் 90 அதற்குப் பின் படிக்கப்பட்டு மேலோங்கும். உடனே சோதித்தும் விடுங்கள்: ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி பிரிண்ட் ஸ்கிரீனை ஒருமுறை தட்டி விட்டு, ஆல்ட்டை விடாமலேயே டபிள்யூ. 'சூடோ டிமெசேஜ்' (sudo dmesg) கொடுத்தால் கடைசியில் 'ஷோ பிளாக்ட் ஸ்டேட்' என்ற வரி வர வேண்டும். 'டிஸேபிள்ட்' என்று வந்தால் கோப்பில் ஏதோ பிழை. எதுவுமே வராவிட்டால் மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்; பல மாடல்களில் பிரிண்ட் ஸ்கிரீன் அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும். உங்கள் விசைப்பலகைக்குச் சரியான விரல்வரிசை எது என்று இப்போதே கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். உறைந்த பிறகு தேட நேரம் இருக்காது.

ஓர் எச்சரிக்கை. 252 திறந்திருக்கும் கணினியில், விசைப்பலகையில் கைவைக்க முடிந்த எவரும் ஓடும் நிரல்களைக் கொல்லலாம். வீட்டுச் சோதனைக் கணினிக்குச் சரி. பலர் புழங்கும் இடத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, ஒரு கைப்பேசி. உபுண்டு டெஸ்க்டாப்பில், வேறு கருவியிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையகம் இயல்பாக நிறுவப்படுவதில்லை. 'ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர்' தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் இருந்தால் அதிலிருந்தே கணினிக்குள் நுழையலாம். நுழைந்து 'ஜர்னல்சிடிஎல் -எஃப் -கே' என்று கொடுத்து, கைப்பேசித் திரை அணையாமல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கெர்னல் முணுமுணுக்கும் ஒவ்வொரு வரியும் அங்கே வந்து விழும். கணினியின் வட்டே காணாமல் போனாலும் கடைசி வரிகள் கைப்பேசியில் நிற்கும். அதைப் படமெடுத்தால் போதும். இதைவிடச் செலவில்லாத சாட்சி வேறில்லை.

மூன்றாவது, கணினி தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டின் எழுதும் இடைவெளி. பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னல் சேவை, சாதாரணச் செய்திகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வட்டில் ஏறிவிட்டதா என்று உறுதிசெய்யும். 'கிரிட்டிக்கல்' தரத்தையும் அதற்கு மேற்பட்டவற்றையும் மட்டுமே உடனுக்குடன். உறைவுக்கு முந்தைய அரை நிமிடத்தில் வரும் செய்திகள் பெரும்பாலும் சாதாரண எச்சரிக்கைகள்தான். அவைதான் பவர் பட்டனோடு சேர்ந்து போகின்றன. ஜர்னல்டி அமைப்புக் கோப்பில் 'சிங்க்இன்டர்வல்செக்' (SyncIntervalSec) மதிப்பை 10 விநாடியாக்கி அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். சோதனை நடக்கும் சில வாரங்களுக்கு இதனால் எஸ்எஸ்டிக்குப் பெரிய தேய்மானம் எதுவும் வந்துவிடாது.

நான்காவது மிகச் சிறியது, ஆனால் நிறையப் பேர் செய்வதில்லை. மேல்பட்டையில் இருக்கும் கடிகாரத்தில் விநாடியும் தெரியும்படி வையுங்கள். திரை உறைந்த கணத்தில் கடிகாரமும் நின்றுவிடும். 14:32:07 என்று நின்ற அந்த எண்தான் பதிவேட்டில் நீங்கள் தேட வேண்டிய இடம்.

இனி, கணினி உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையைப் பவர் பட்டனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். சுட்டியை அசையுங்கள்: அம்புக்குறி நகர்கிறதா, நகர்ந்தும் எதுவும் சொடுக்கை ஏற்கவில்லையா, பத்து விநாடிக்கு ஒருமுறை தாவுகிறதா? கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள்: விளக்கு மாறுகிறதா, மாறவில்லையா, தானாகவே மினுக்குகிறதா? பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் காதைத் தீட்டிக் கேளுங்கள். தொடர்ந்து ஓடினால் கணினி உயிரோடு இருக்கிறது, திரை மட்டும் போயிருக்கிறது. கீறல் விழுந்த இசைத்தட்டு போல ஒரு துண்டே திரும்பத் திரும்ப ஒலித்தால், ஒலி வன்பொருள் தன் வட்டத் தாங்ககத்தில் (பஃபர்) இருப்பதையே சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. அதை நிரப்ப வேண்டிய செயலி (சிபியு) வேலையை நிறுத்திவிட்டது என்று பொருள். வட்டு விளக்கு இருந்தால் அதையும் பாருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்திப் பதினைந்து விநாடி காத்திருங்கள். கைப்பேசியில் வரிகள் வந்துகொண்டிருக்கின்றனவா, புதிதாக எஸ்எஸ்ஹெச் நுழைய முடிகிறதா என்று பாருங்கள்.

பிறகு சிஸ்ஆர்க்யூ. முதலில் டபிள்யூ, இரண்டு விநாடி விட்டு எல், பிறகு எம். டபிள்யூ சிக்கி நிற்கும் பணிகளைப் பட்டியலிடும். எல் ஒவ்வொரு செயலி மையமும் எந்த வரியில் நிற்கிறது என்று சொல்லும். எம் நினைவக நிலவரம். திரையில் எதுவும் தெரியாது, பதிவேட்டில் எழுதப்படும். அதற்குப் பின்தான் எஸ், யு, பி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று விநாடி இடைவெளி விடுங்கள். இணையத்தில் பரவியிருக்கும் ஆறெழுத்து வரிசையை மனப்பாடமாக அடிப்பவர்கள், இடையில் வரும் இ, ஐ இரண்டாலும் எல்லா நிரல்களையும் கொன்றுவிட்டுத்தான் மறுதொடக்கம் செய்கிறார்கள். வட்டைக் காப்பாற்ற அது நல்ல வழி. சாட்சியைக் காப்பாற்ற டபிள்யூவும் எல்லும் அதற்கு முன் வர வேண்டும்.

இப்போது நாலு வகை.

முதல் வகை, திரை மட்டும் உறைவது. கேப்ஸ் லாக் மாறும், பாட்டு ஓடும், எஸ்எஸ்ஹெச் நுழையும். நுழைந்ததும் 'டாப்' கொடுங்கள். திரை மேசையைக் காட்டும் க்னோம்-ஷெல் ஒரு செயலி மையத்தை நூறு சதவீதம் தின்றுகொண்டிருந்தால் சந்தேகம் ஷெல்மீது, குறிப்பாக நீங்களாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள்மீது. முன்வெளியீட்டில் வரும் க்னோம் புதிது. எக்ஸ்டென்ஷன் பழைய க்னோமுக்கு எழுதியது. எல்லா எக்ஸ்டென்ஷனையும் அணைத்து, அல்லது புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கி, அதிலும் உறைகிறதா என்று பார்த்த பிறகே அறிக்கை எழுதுங்கள். உறைந்தால், ஷெல்லின் செயல் எண்ணுக்கு 'கில் -6' அனுப்புங்கள். வேலண்ட் என்ற திரைமுறையில் ஷெல்லே திரைச் சேவையகமும் என்பதால் திறந்திருந்த எல்லாம் போய்விடும். ஆனால் /வார்/கிராஷ் அடைவில் அது எங்கே சிக்கி நின்றது என்ற முழு விவரத்தோடு ஒரு கோப்பு விழும். அந்தக் கோப்பு பத்துப் பக்க வருணனைக்குச் சமம்.

ஷெல் சும்மா நின்றுகொண்டிருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். இன்டெல் என்றால் 'ஜிபியு ஹேங்' என்ற சொல், ஏஎம்டி என்றால் 'ரிங்', 'டைம்அவுட்' இரண்டு சொல்லும் உள்ள வரி, என்விடியா என்றால் 'எக்ஸ்ஐடி' என்ற சொல்லோடு ஓர் எண். எக்ஸ்ஐடி 79 வந்தால் அட்டை பிசிஐ பாதையிலிருந்தே கழன்றுவிட்டது என்று டிரைவர் சொல்கிறது. பவர் சப்ளை, வெப்பம், அட்டை பொருந்தியிருக்கும் விதம் ஆகியவற்றை முதலில் சரிபாருங்கள். ஏஎம்டியிலும் புதிய இன்டெல்லிலும் டிரைவர் தன் நிலவரத்தை /சிஸ்/கிளாஸ்/டெவ்கோர்டம்ப் என்ற இடத்தில் வைக்கும். அது 5 நிமிடம்தான் இருக்கும், பிறகு கெர்னலே அழித்துவிடும். பதிவேட்டில் அதுபற்றிய வரி கண்ணில் பட்டதும் வேறு வேலையை விட்டுவிட்டு அதை நகலெடுங்கள்.

மடிக்கணினிகளில் இதற்கு ஒரு தம்பி உண்டு. படம் உறைந்தது போலிருக்கும், சுட்டியை அசைத்தால் சட்டென்று உயிர் வரும். மின்சாரம் மிச்சப்படுத்தத் திரை தானே தன் படத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் பிஎஸ்ஆர் என்ற வசதியில் வரும் கோளாறு இது. இன்டெல்லில் 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0', ஏஎம்டியில் 'ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10' கொடுத்துத் தொடங்கிப் பாருங்கள். பூட் ஆகும்போது வரும் கிரப் பட்டியலில் இ விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் இதைச் சேர்த்து எஃப்10. ஒருமுறை பூட் ஆவதற்கு மட்டுமே இது செல்லும் என்பதால் பயப்பட வேண்டாம். கோளாறு நின்றால் அதை அறிக்கையில் எழுதுங்கள். நிரந்தரமாகப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். மறந்தால் உங்கள் ஒரு கணினி மட்டும்தான் பிழைத்தது.

இரண்டாம் வகை நினைவகப் பற்றாக்குறை. அம்புக்குறி எப்போதாவது தாவும், வட்டு விளக்கு அணையாது, எஸ்எஸ்ஹெச் கடவுச்சொல் கேட்கவே ஒரு நிமிடம் ஆகும். கணினி சாகவில்லை, மூச்சுத் திணறுகிறது. 2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னலிலிருந்து இதை அளக்க /ப்ராக்/பிரஷர்/மெமரி என்ற கோப்பு இருக்கிறது. அதில் 'ஃபுல்' வரியில் ஏவிஜி10 என்பது, கடந்த பத்து விநாடியில் எத்தனை சதவீத நேரம் எல்லாப் பணிகளும் நினைவகத்துக்காகக் காத்துக் கிடந்தன என்று காட்டும். சிஸ்ஆர்க்யூவில் எஃப் அழுத்தினால் கெர்னல் மிகப்பெரிய தீனிக்காரனைக் கொன்று வழிவிடும். கொன்றது யாரை என்று பதிவேட்டில் எழுதும். அந்தப் பெயர் உங்களுக்குத் தேவை.

நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே சோதிப்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அந்த நிலையில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு கோப்பும், இறக்கும் ஒவ்வொரு தொகுப்பும் ரேமில்தான் போய் உட்காரும். 4 ஜிபி கணினியில் அப்படி ஒரு முழு மேம்படுத்தலை ஓட்டிவிட்டு, உலாவியில் நாலு பக்கம் திறந்தால் உறைவது இயல்பு. அதை முன்வெளியீட்டுப் பிழையாக எழுதிப் பயனில்லை.

மூன்றாம் வகை வட்டு பதில் சொல்லாமல் நிற்பது. இதில் ஒரு வினோதம்: அம்புக்குறி நன்றாக நகரும், திறந்திருக்கும் பக்கத்தை மேலும் கீழும் உருட்டலாம், ஆனால் புதிதாக எதையும் திறக்க முடியாது. நினைவகத்தில் இருப்பதெல்லாம் வேலை செய்கிறது, வட்டைத் தொட்டதெல்லாம் தொட்ட இடத்திலேயே நிற்கிறது. 120 விநாடி தாண்டியதும் கெர்னல் 'பிளாக்ட் ஃபார் மோர் தேன்' என்று புலம்பத் தொடங்கும். மறுதொடக்கத்துக்குப் பின் பதிவேட்டைப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் எழுத வட்டு இல்லை. கைப்பேசிச் சாட்சி முழுமையாகப் பயன்படுவது இங்கேதான். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வட்டுகள் சில, மின்சேமிப்பு நிலைக்குப் போய்த் திரும்பி வராமல் இப்படிச் செய்யும். 'என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0' கொடுத்தால் அந்த ஆழ்ந்த நிலைகளுக்குப் போகாது. வட்டின் மாடல் பெயரையும் ஃபர்ம்வேர் எண்ணையும் அறிக்கையில் தவறாமல் எழுதுங்கள். தேவைப்பட்டால் அந்த மாடலுக்கு மட்டும் கெர்னலில் விதிவிலக்கு எழுதுவார்கள். பலருடைய கணினி ஒரே நாளில் பிழைக்கும்.

நான்காவது முழு மரணம். கேப்ஸ் லாக் அசையாது, அல்லது மினுக்கும். மினுக்கினால் கெர்னல் பேனிக். தன் முடிவைத் தானே அறிந்து நின்றிருக்கிறது. மறுதொடக்கத்துக்குப் பின் /வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர் அடைவையும் /வார்/கிராஷ் அடைவையும் பாருங்கள். அசையாமலே கிடந்தால் காரணம் கெர்னலுக்குக் கீழேயும் இருக்கலாம், அதாவது மின்சாரம், வெப்பம், ரேம், பயாஸ். பயாஸில் ரேமை அதிவேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி போன்ற அமைப்பை அணையுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு முழுச் சுற்றாவது, முடிந்தால் இரவு முழுக்க ஓடவிடுங்கள். 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து அது யுஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) கணினிகளிலும் ஓடும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை மாற்றாமல் வேறெதையும் ஆராய வேண்டாம். பதிவேட்டில் 'ஹார்ட்வேர் எரர்' என்ற சொல்லோடு எம்சிஇ வரி இருந்தால் அது செயலியே எழுதிய வாக்குமூலம்.

கணினி வேலை செய்யும்போது உறையாமல், சும்மா கிடக்கும்போது மட்டும் உறைந்தால் செயலியின் உறக்க நிலைகளைச் சந்தேகியுங்கள். இது புதிய சங்கதியில்லை. செலரான் என்2840, ஜே1900 போன்ற பே டிரெயில் இன்டெல் செயலிகள் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மீளாமல் உறைந்தன. கெர்னல் பிழைப்பட்டியலில் 109051ஆம் எண்ணில் அந்த நெடுங்கதை இருக்கிறது. 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' கொடுத்தால் நிற்கும், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசன் கணினிகளுக்கு பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிகல் கரன்ட் ஐடில்' என்று வைப்பது வழி.

வகை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி, மறுதொடக்கத்துக்குப் பின். 'ஜர்னல்சிடிஎல் -பி -1 -கே' என்பது முந்தைய பூட்டின் கெர்னல் பதிவு. நடுவில் இன்னொரு முறை பூட் செய்திருந்தால் -2 ஆகிவிடும். '--லிஸ்ட்-பூட்ஸ்' கொடுத்துச் சரிபாருங்கள். தவறான பூட்டின் பதிவை இணைத்த அறிக்கை, பதிவே இல்லாத அறிக்கையைவிட மோசம், ஏனென்றால் படிப்பவர் அதை நம்பி நேரம் செலவழிப்பார். மேம்படுத்தல் நடக்கும்போது உறைந்திருந்தால் வேறெதற்கும் முன் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஓட்டுங்கள். பாதியில் நின்ற தொகுப்புகளோடு அடுத்த உறைவை ஆராய்ந்தால் இரண்டு கோளாறு ஒன்றாகக் கலந்துவிடும்.

அடுத்து /வார்/லாக்/ஏபிடி/ஹிஸ்டரி.லாக். முன்வெளியீட்டில் நாளுக்கு நாள் தொகுப்புகள் மாறுகின்றன. 'நேற்றுவரை நன்றாக இருந்தது' என்று எழுதுவதற்குப் பதிலாக, முதல் உறைவுக்கு முன் நடந்த கடைசி மேம்படுத்தலில் எந்தெந்தத் தொகுப்பு எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போனது என்று அந்தக் கோப்பே சொல்லும். அதில் லினக்ஸ் (கெர்னல்), மெசா (கிராஃபிக்ஸ்), மட்டர் (சாளரங்கள்), லினக்ஸ்-ஃபர்ம்வேர் நான்கையும் தேடுங்கள். பிறகு கிரப்பில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கெர்னலில் பூட் செய்து பாருங்கள். பழையதில் உறையாமல் புதியதில் மட்டும் உறைந்தால், நிரலாளர் தேட வேண்டிய பரப்பு பல மடங்கு சுருங்கிவிடும். பழைய கெர்னல் கையில் வேண்டும்வரை, வேண்டாத தொகுப்புகளை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' கட்டளையைக் கொடுக்காதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அங்கங்கே பார்த்த ஏழு கெர்னல் அளவுருக்களை ஒரே வரியில் ஒட்டி, 'இப்போது உறையவில்லை' என்று எழுதினால் ஏழில் எது என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்த கணினி இரண்டு மணி நேரம் ஓடினால் நம்பலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை உறைவது ஒரு நாள் ஓடியதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அளந்து எழுதும் பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு 2024 மார்ச் 29ஐ நினைத்துக்கொள்ளுங்கள். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் நிலைப்படாத கிளையில் வேலை செய்துகொண்டிருந்த நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்ஹெச் நுழைவு மெதுவாக இருப்பதைக் கவனித்தார். சுமார் 0.3 விநாடியில் முடிய வேண்டியது 0.8 விநாடி எடுத்தது. அந்த அரை விநாடியைப் பிடித்துக்கொண்டு போய், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் யாரோ திட்டமிட்டு வைத்த கள்ளக்கதவைக் கண்டு வெளியிட்டார். அதனால் உபுண்டு 24.04இன் தொகுப்புகளை மறுபடி கட்ட வேண்டி வந்து, ஏப்ரல் 4க்கு வர வேண்டிய பீட்டா ஏப்ரல் 11க்குத் தள்ளிப்போனது. முன்வெளியீட்டுக் கணினியில் உட்கார்ந்திருந்த ஒருவர் வெறுமனே 'மெதுவாக இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் அது எங்கே போய் முடிந்திருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

அறிக்கையை 'உபுண்டு-பக் லினக்ஸ்' கட்டளையாலேயே தொடங்குங்கள். வன்பொருள் விவரங்களை அதுவே இணைத்துவிடும். தலைப்பில் வகை, வன்பொருள், கெர்னல் எண் மூன்றும் வரட்டும். உள்ளே இப்படி இருந்தால் போதும்: "திரை 14:32:07க்கு உறைந்தது. அம்புக்குறி நகர்ந்தது, சொடுக்கு எடுபடவில்லை. கேப்ஸ் லாக் மாறியது, பாட்டு ஓடியது. எஸ்எஸ்ஹெச் நுழைய முடிந்தது. 14:32:05க்கு ரிங் டைம்அவுட் வரி. மூன்று நாளில் ஐந்து முறை, ஐந்திலும் காணொளி ஓடும்போது. முந்தைய கெர்னலில் இரண்டு நாள் ஓட்டியும் ஒருமுறைகூட இல்லை. முழுப் பதிவும் இணைப்பில்." பதிவை இணைக்குமுன் அதில் உங்கள் வைஃபை பெயர், பயனர் பெயர் இருக்கின்றனவா என்று ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். அனுப்பியபின் கேள்வி வந்தால் பதில் எழுதுங்கள். அந்த 60 நாள் கெடுவை நிறுத்தி வைப்பது உங்கள் ஒற்றை வரிதான்.

கடைசியாக, வெளியீட்டுக் குழுவினர் பார்வைக்கும் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன முன்னேற்பாடுகளில் பாதியை ஒவ்வொரு சோதனையாளரும் கையால் செய்ய வேண்டியதில்லை. வளர்ச்சிக் காலத்தில், பிழை விவரம் சேகரிக்கும் அப்போர்ட்டின் தானியங்கிப் பிழையறிக்கையைத் திறந்து வைத்து, இறுதி வெளியீட்டுக்கு முன் நீங்களே அணைக்கிறீர்கள். சிஸ்ஆர்க்யூவுக்கும் அதையே செய்யலாம். டெபியனின் இயல்பு மதிப்பு 438, ஃபெடோராவுடையது 16; அவற்றிலும் 8ம் 64ம் இல்லை என்பதால் இது உபுண்டுவுக்கு மட்டுமான வேண்டுகோள் இல்லை. பாதுகாப்புக்காக அடைத்திருப்பது நியாயமே. ஆனால் சோதனைக்கென்றே வெளியிடும் படிமத்தில் அதைத் திறந்து வைக்கலாம். பீட்டா படிமத்தில் 176க்குப் பதில் 252, ஜர்னல் இடைவெளி 10 விநாடி, உபுண்டு-பக்கில் 'உறைந்தபோது கேப்ஸ் லாக் மாறியதா, எஸ்எஸ்ஹெச் நுழைய முடிந்ததா' என்ற இரண்டு கேள்வி. இறுதிப் படிமம் கட்டும் முன் முதலிரண்டையும் பழையபடி திருப்பிவிடுங்கள். கேள்விகளை மட்டும் அங்கேயே விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
முன்வெளியீட்டுச் சோதனையில் உங்களோடு இருக்கும் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்கள் சிலர்